விரல் 'ஓம்' என்றால் நம்பலாமா? உப்புவெளி தசைச் சோதனை வகுப்பு

ஒரு பொருள் தனக்கு நல்லதா என்று உடம்பையே கேட்டு, தசை உறுதியாக நின்றால் 'ஓம்', தளர்ந்தால் 'இல்லை' என்று விடை எடுப்பதுதான் தசைச் சுயசோதனை. திருகோணமலை உப்புவெளியில் மாதத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கிற அதன் வகுப்புக்குக் கட்டணம் 12,000 ரூபா. மத்தியானச் சாப்பாடும் ஒரு கையேடும் அதற்குள் அடக்கம். முதல் நாளுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. இரண்டாம் நாளுக்குப் போகாமல் விட்டால் நட்டமும் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கை என்ன செய்கிறது, மனம் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இதைப் படிக்கிறவர், படித்து முடித்த பிறகு முந்தியை விடச் சுலபமாக ஏமாறுவார்.

தசையைச் சோதித்துப் பார்ப்பது புதுச் சங்கதி இல்லை. பாரிசவாதம் வந்தவரின் கையைத் தூக்கச் சொல்லி, எதிர்த்து அழுத்தி, பிசியோதெரபி பிரிவில் 0 முதல் 5 வரை புள்ளி போடுகிறார்களே, அதுவும் தசைச் சோதனைதான். 0 என்றால் அசைவே இல்லை. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்த முடிகிறது. 5 என்றால் முழுப் பலம். அங்கே தோளைச் சோதித்தால் வருகிற விடை தோளையும் அதற்குப் போகிற நரம்பையும் பற்றியது. வேறெதையும் பற்றியது அல்ல. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் கைரோபிரக்டராக, அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவராக, இருந்த ஜோர்ஜ் குட்ஹார்ட் 1964இல் இதை வேறு பக்கம் திருப்பினார். ஒவ்வொரு தசைக்கும் ஓர் உறுப்போடு தொடர்பு உண்டு, தசை தளர்ந்தால் அந்த உறுப்பில் குறை என்றார். அவருடைய வழியில் வந்த ஜோன் தீ என்பவர் 1973இல் அதைச் சாதாரண ஆட்களும் வீட்டில் செய்யக்கூடிய பாடமாக்கினார். தன் விரலையே கேள்வி கேட்கிற சுயசோதனை இந்த வழியில் முளைத்த கிளை. கையேட்டின் முதல் பக்கங்களில் ஆஸ்பத்திரிச் சோதனையும் இதுவும் ஒரே பந்தியில், ஒரே வித்தை போலக் கலந்து எழுதப்பட்டிருக்கின்றன. முதல் குறை அங்கேயே தொடங்குகிறது.

சனிக்கிழமை காலை இருவர் சேர்ந்து செய்யும் தோள் சோதனை. இதைப் படிப்பிக்கிற விதம் உண்மையிலேயே நல்லது. நிற்பவர் ஒரு கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டுகிறார். முழங்கை நேர், உள்ளங்கை நிலத்தைப் பார்க்கும். சோதிப்பவர் ஒரு கையை அவருடைய மற்றத் தோளில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையின் இரண்டு விரல்களை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே வைக்கிறார். “பிடியுங்கோ” என்று சொல்லி ஒரு விநாடி விட்டு, மெதுவாகக் கூட்டிக்கூட்டி இரண்டு விநாடி அழுத்துகிறார். கை ஐந்து சென்ரிமீற்றர் இறங்கினாலே விடை கிடைத்துவிட்டது, மல்லுக்கட்டத் தேவையில்லை.

பிழைக்கிற இடங்களும் இதிலேயே இருக்கின்றன. தோளிலிருந்து மணிக்கட்டு 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அழுத்தத்தை 40 சென்ரிமீற்றரில் கொடுத்தால் தோளுக்கு வருகிற சுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதாவது சோதிப்பவரின் விரல் ஒரு சாண் கூட வேண்டாம், அதில் பாதி முழங்கைப் பக்கம் நகர்ந்தாலே 'தளர்ந்த' தசை 'உறுதி' ஆகிவிடும். “பிடியுங்கோ” என்ற சொல்லுக்கும் அழுத்தத்துக்கும் இடையில் நேரம் குறைந்தால் பிடிப்பவர் தயாராகும் முன்னரே கை விழும். தொடர்ந்து நாலைந்து தடவை செய்தால் தசை களைத்து, கடைசியாகச் சோதித்த பொருளுக்கு எப்போதும் கெட்ட பெயர் வரும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு கையைத் தொங்கவிட்டு அரை நிமிடம் ஓய்வு கொடுப்பது இதனால்தான். இவ்வளவையும் வகுப்பில் தெளிவாகச் சொல்கிறார்கள், ஒருவரையொருவர் திருத்தவும் விடுகிறார்கள். அந்தக் கண்டிப்பு மத்தியானச் சாப்பாட்டோடு காணாமல் போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

பின்னேரம் விரல் வளையம். இடது கைப் பெருவிரல் நுனியும் சின்ன விரல் நுனியும் தொட்டு ஒரு வளையம். வலது கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மூக்குப்பொடி எடுப்பது போல ஒன்றாகச் சேர்த்து, அந்த வளையத்துக்குள் நுழைத்து, உள்ளிருந்து விரிக்க வேண்டும். வளையம் மூடியே நின்றால் 'ஓம்'. திறந்தால் 'இல்லை'. இடது கைக்காரர் மாற்றிப் பிடிக்கலாம். முழுப் பலத்தைப் போடக் கூடாது. வளையத்துக்கும் விரிப்புக்கும் ஏறத்தாழ பாதிப் பலம், இரண்டும் மயிரிழையில் சமமாக நிற்கிற நிலை. அந்தச் சமநிலையைப் பிடிக்கத்தான் பழக்கம் வேண்டும், ஒரு மணி நேரம் அதற்கே போகிறது.

தொடக்கத்தில் விடை தெரிந்த வசனங்களால் அளவு திருத்துகிறார்கள். தன் பெயரைச் சொன்னால் மூட வேண்டும், வேறு பெயரைச் சொன்னால் திறக்க வேண்டும். மூன்று தடவை சரிவந்தால் 'தயார்' என்கிறார்கள். அதற்கு முன் ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, காறை எலும்புக்குக் கீழே நெஞ்சின் இரு பக்கமும் விரலால் இருபது தட்டு. தண்ணீருக்கும் தட்டலுக்கும் சொல்லப்படுகிற சக்தி விளக்கத்தை விட்டுவிடலாம். திருமலை வெயிலில் ஒரு கோப்பை தண்ணீர் யாருக்கும் கெடுதி செய்யாது.

நடைமுறைச் சிக்கல்கள் இங்கே ஏராளம். வியர்வைதான் முதல் எதிரி. மண்டபத்தில் மின்விசிறி இரண்டே இரண்டு. பின் வரிசையில் இருப்பவரின் விரல் வழுக்கி, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' வருகிறது. துவாயும் கொஞ்சம் முகப் பவுடரும் கையில் இருப்பது நல்லது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தவருக்கும் இதே கதிதான். நகம் நீளமாக இருந்தால் நுனிச் சதை தொடாது. வெட்டிவிட்டு வர வேண்டும். விரிக்கும் விரல்கள் வளையத்தின் நடுவில் இருக்கிறபோது ஒரு பலம் வேண்டும், நுனிகள் சேர்கிற இடத்துக்குக் கிட்டப் போனால் வேறு பலம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வைக்காவிட்டால் விடை இடத்தைப் பொறுத்து மாறும், கேள்வியைப் பொறுத்து அல்ல. பெருவிரல் அடியில் வாதம், மணிக்கட்டு நரம்பு நெருக்கம் உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. ஒரு பின்னேரத்தில் நூறு தடவை இழுத்தால் சுகமான கைக்கே மறுநாள் வலிக்கிறது.

அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு மாற்று வழிகள் காட்டுகிறார்கள். ஒன்று, சுட்டுவிரலை நீட்டி, அதே கையின் நடுவிரலை அதன்மேல் ஏற்றி அழுத்துவது. ஒற்றைக் கையால் முடியும், பஸ்ஸில் நின்றபடியும் செய்யலாம். ஆனால் தன்னையறியாமல் கூட்டிக் குறைக்க இதைப்போல வசதியான முறை வேறில்லை. மற்றது, நேராக நின்று கண்ணை மூடி உடல் முன்னே சாய்கிறதா பின்னே சாய்கிறதா என்று பார்ப்பது. வயது போனவர்கள், தலைச்சுற்று உள்ளவர்கள் பின்னால் சுவரும் பக்கத்தில் ஓர் ஆளும் இல்லாமல் இதற்கு நிற்கக் கூடாது. கையேட்டில் அந்த எச்சரிக்கை இல்லை.

இனி, இந்த வகுப்பின் மையக் காட்சி. ஒரே அளவு பொட்டலத்தில் சீனியும் பனங்கட்டியும் தருகிறார்கள். மடியில் வைத்துக்கொண்டு “இது எனக்கு நல்லதா?” என்று கேட்டு வளையத்தை விரிக்க வேண்டும். சீனிக்குத் திறக்கிறது, பனங்கட்டிக்கு மூடி நிற்கிறது. மண்டபம் முழுக்க அதே விடை. ஆச்சரியப்பட்டுக் கைதட்டுகிறார்கள். ஆனால் விடையைப் பார்க்காமல் சின்ன விரல் நகத்தைப் பாருங்கள். பனங்கட்டி மடிக்கு வந்ததும், வலது கை விரிக்கத் தொடங்கும் முன்னரே, நகம் வெளுத்துவிடுகிறது. விரல் நுனி அழுத்தமாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சீனிக்கு நகம் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. பிடி முதலே தீர்மானமாகிவிட்டது. செய்தவர் பொய் சொல்லவில்லை. தன் பிடி இறுகியது அவருக்கே தெரியாது.

தன்னையறியாமல் தசை இப்படி எண்ணத்தைப் பின்தொடர்வதை இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் 1852இல் விளக்கிப் பெயரும் வைத்தார். அதற்கு முன்னரே, 1833இல், பிரான்சின் இரசாயன அறிஞர் ஷெவ்ரல், நூலில் தொங்கும் குண்டை வைத்து இதையே காட்டியிருந்தார்: கண்ணைக் கட்டியதும் குண்டு ஆட்டத்தை விட்டுவிட்டது. கிணறு வெட்ட நிலம் பார்க்கிறவரின் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்வதும் இதே குடும்பம்தான். தோள் சோதனையில் அழுத்துகிறவர் வேறு, பிடிக்கிறவர் வேறு. அங்காவது இரண்டு தலை. விரல் வளையத்தில் பிடிக்கிற கையும் விரிக்கிற கையும் ஒரே மூளையின் சொல் கேட்பவை. வழக்காடுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒருவரே.

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவர்களைப் பார்த்தால் இந்த இடம் விளங்கும். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எடுக்கிற பிள்ளைக்கு எதற்குள் எது என்று தெரியாது. விடை தெரியாத கைதான் எடுக்க வேண்டும் என்ற கண்டிப்பு சாமி கேட்பதிலேயே இருக்கிறது. 12,000 ரூபா வகுப்பில் இல்லை. பொட்டலத்தை மூடி வைத்துச் சோதிக்கலாமா என்று கேட்டால், “சந்தேகத்தோடு கேட்டால் உடம்பு பேசாது” என்ற பதில் வருகிறது. சரிவந்தால் முறையின் வெற்றி, பிழைத்தால் கேட்டவரின் சந்தேகம். தோற்கவே முடியாத ஏற்பாடு.

ஆகவே மூடிய சோதனையை வீட்டில்தான் செய்து பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியவை: ஒளி புகாத வெள்ளைக் குளுசைப் போத்தல் பத்து, உப்பு, சீனி, பஞ்சு, ஒரு சில்லறைக் காசு, ஒரு கொப்பி. உதவிக்கு வருபவர் வேறு அறையில் இருந்து, ஒவ்வொரு போத்தலுக்கும் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உப்பு, பூ விழுந்தால் சீனி. ஐந்து உப்பு, ஐந்து சீனி என்று சமமாகப் பிரிக்கக் கூடாது. சோதிப்பவர் தன்னையறியாமல் எண்ணிக்கையைச் சமப்படுத்தப் பார்ப்பார். தேக்கரண்டியால் அளக்கவும் கூடாது, ஒரே கரண்டியில் உப்பு சீனியை விடப் பாரம் கூட; தராசில் 5 கிராம் நிறுத்துப் போட வேண்டும். மேலே பஞ்சை இறுக்கி அடைத்தால் குலுங்கும் சத்தமும் கேட்காது. போத்தலில் 1 முதல் 10 வரை எண், கொப்பியில் விடை. உதவியாளர் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கொப்பியோடு வெளியே போய்விட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தே பாதி விடை தெரிந்துவிடும் என்பதால் இது முக்கியம்.

மூடிய சோதனைக்கு முன் இரண்டு பொருளையும் திறந்து வைத்துச் செய்து பாருங்கள். சீனிக்குத் திறந்து உப்புக்கு மூடுகிறது என்றால் தொடரலாம். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால், திறந்து வைத்தபோது தெளிவாக வேறுபடுகிற வேறு சோடியைத் தெரிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு போத்தலையும் மடியில் வைத்து, ஒரு தடவை மட்டும் விரித்து, விடையை எழுதி, ஒரு நிமிடம் ஓய்வு. திரும்பிப் போய்த் திருத்தக் கூடாது. பத்தும் முடிய இருபது நிமிடம் பிடிக்கும்.

கணக்கு இப்படி. வெறும் குருட்டு வாய்ப்பிலேயே பத்துக்கு ஐந்து சரிவரும். எட்டு அல்லது அதற்கு மேல் வருவதற்கு 1024இல் 56, ஏறக்குறைய பதினெட்டில் ஒரு வாய்ப்பு. ஒன்பது அல்லது பத்து வருவதற்கு 1024இல் 11, அதாவது தொண்ணூற்று மூன்றில் ஒன்று. பதினான்கு பேர் உள்ள வகுப்பில் எல்லாரும் செய்தால், யாராவது ஒருவர் குருட்டு வாய்ப்பிலேயே எட்டு எடுப்பதற்குப் பாதிக்கு மேல் சந்தர்ப்பம் உண்டு. அந்த ஒருவரை மேடைக்கு அழைத்து மாலை போடாமல், அவரையே புதிய பத்துப் போத்தலோடு திரும்பச் செய்ய விட வேண்டும்.

ஆய்வாளர்கள் செய்ததும் இதைத்தான். 1988இல் அனுபவம் உள்ள மூன்று சோதனையாளர்களிடம் பதினொரு பேரை அனுப்பி, தயமின், துத்தநாகம், விற்றமின் ஏ, விற்றமின் சி நான்கின் குறைபாட்டையும் தனித்தனியே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மூவரின் விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஆய்வுகூட முடிவோடும் பொருந்தவில்லை. 2001இல் குளவி விஷ ஒவ்வாமையை வைத்து நடந்த மூடிய சோதனையிலும் விடைகள் குருட்டு வாய்ப்பை மிஞ்சவில்லை.

கையேடு இன்னோர் இடத்திலும் சறுக்குகிறது. 'நம் சித்தர்களின் நாடிதான் இது' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து வருகிற பிள்ளைகளைக் கேட்டாலே போதும். நாடி, வைத்தியர் தன் மூன்று விரலை நோயாளியின் மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது. நாக்கு, நிறம், கண், மலம், சலம் முதலான எட்டு வகைத் தேர்வில் அது ஒன்று. சித்த வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டு ஆயுள்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு உண்டு. விரல் வளையத்துக்கு அந்தப் பரம்பரையும் இல்லை, இந்தப் பதிவும் இல்லை. ஊர்ப் பெருமையைக் காட்டி வெளிநாட்டுச் சரக்கை விற்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. வராத ஒருவருக்காகத் தன் விரலில் சோதிப்பது, படத்தை மடியில் வைத்துக் கேட்பது, எந்தக் குளுசை எத்தனை என்று விரலிடம் கேட்பது. பின்னேரம் மூன்று மணிக்கு மேசையில் ஊட்டச்சத்துப் போத்தல்கள் வரிசைக்கு வருகின்றன. ஒவ்வொருவரும் தனக்கு எது 'ஓம்' என்று சோதித்து வாங்கலாமாம். ஒரு போத்தல் 4,500 ரூபா. பகல் முழுக்க 'இயற்கை நல்லது' என்று கேட்ட விரல், அந்த மேசையில் எதைச் சொல்லும் என்பதற்குச் சோதனை எதற்கு?

காசு போனால் போகட்டும் என்று விட்டாலும், சில இடங்களில் விரலைக் கேட்கவே கூடாது. இறால், நண்டு, முட்டை, கச்சான் சாப்பிட்டு உதடு வீங்கிய பிள்ளைக்கு 'விரல் மூடியது, இனிச் சாப்பிடலாம்' என்று கொடுப்பது உயிரோடு விளையாட்டு. ஒவ்வாமைக்குத் தோல் குத்துச் சோதனை, இரத்தப் பரிசோதனை, வைத்தியர் முன்னிலையில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பது ஆகிய வழிகள் உண்டு. இன்சுலின் அளவு, பிறசர் குளுசை, வலிப்புக் குளுசை மூன்றும் இதே பட்டியல். மாரி மழைக்குப் பிறகு வரும் காய்ச்சலில் டெங்குச் சந்தேகம் இருக்கிறவரை பரசிற்றமோல் தவிர இபுபுரோஃபென், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதுவும் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும். 'டைக்ளோபெனக்குக்கு விரல் மூடியது' என்ற விடைக்கு அங்கே மதிப்பே இல்லை. மூச்சு இழுக்கிறது, முகம் வீங்குகிறது என்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

அப்படியானால் சனிக்கிழமைப் பாடத்தில் மிஞ்சுவது என்ன? தன் பிடி எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று கவனிக்கிற பழக்கம். இரண்டு சீலையில் எதை எடுப்பது, கலியாணத்துக்குப் போவதா விடுவதா என்று இழுபடுகிற நேரத்தில், வளையம் உங்கள் மனம் ஏற்கனவே சாய்ந்துவிட்ட பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். சீனி பிழை, பனங்கட்டி சரி என்ற விடையும் அந்த வகைதான்; விரல் சொன்னது உங்கள் கருத்து. அதற்காகப் பனங்கட்டியைச் சீனி வருத்தக்காரர் கணக்கில்லாமல் கடிக்க முடியாது, அதுவும் பெரும்பாலும் சீனியே. படிப்பிக்கிறவர் பொறுமைசாலி, கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை, தமிழில் அழகாக விளக்குகிறார். பிசியோதெரபி, யோகா, விளையாட்டுப் பயிற்சி பக்கம் இருப்பவர்களுக்கு தோளிலிருந்து அழுத்துகிற இடத்தின் தூரமும் களைப்பும் சோதனை முடிவை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கையாலேயே உணர அந்தக் காலை மூன்று மணி நேரம் நல்ல பாடம்.

சனிக்கிழமை மட்டும் போதும் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். அறிவித்தலில் ஒரு நாள் கட்டணம் இல்லை. கேட்டால் 7,000 ரூபாவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். முன் வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க எட்டரைக்கே போக வேண்டும். பத்துப் போத்தலையும் வீட்டில் ஒருவரைக் கொண்டு நிரப்பி, விடையை ஒட்டிய கடித உறைக்குள் போட்டுப் பையில் கொண்டுபோங்கள். தேநீர் இடைவேளை இருபத்தைந்து நிமிடம் விடுகிறார்கள்.